கோலிக்குண்டு வருஷம்

ஜனவரியில் புது நோட்டு வந்தது.
பழையதைக் கொடுத்து மாற்ற
பிரிகாமா வங்கி வாசலில் உச்சிவெயில்வரை நின்றேன்.
விரலெல்லாம் பஞ்சர் பசை.
என் டலாசிகளை நகநுனியால் வாங்கினாள் காசாளர்,
நோட்டுக்குச் சொறி பிடித்ததுபோல.

பிப்ரவரி பதினெட்டு, சுதந்திர தினம்.
பிள்ளைகள் வரிசையில் நிற்க
மூன்று மணிநேரம் கழித்து வந்தது கார்.
ஏழு பேர் மயங்கி விழுந்தார்கள் என்றது வானொலி.
மதியம் நான்கு பேர்.
மாலைச் செய்தியில் யாருமே விழவில்லை.
என் தங்கை மகள் சிரே
அந்த யாருமேயில் ஒருத்தி.
முழங்கால் காயத்துக்குப்
பழைய ட்யூபில் ஒட்டு வெட்டித் தரச் சொன்னாள்.

நிலக்கடலைக்கு விலை அறிவித்தார்கள்.
டொம்போங் சைக்கிளில் மூன்று மூட்டை ஏற்றி
ரிம்மை எட்டுப்போல் வளைத்துக்கொண்டு வந்தான்.
அரசாங்கம் அவனுக்குக் கடன் சொன்னது,
அவன் எனக்குக் கடன் சொன்னான்,
நான் கம்பிக் கடைக்காரனிடம் சொன்னேன்.
அதற்கு மேல் சொல்ல ஆளில்லாமல்
அங்கேயே நிற்கிறது.

நோன்பு மாதம் முழுக்க மின்வெட்டு.
கடைசியில் பிறை பார்த்ததில் நாடே இரண்டானது:
சாலைக்கு வடக்கே புதன்கிழமை பெருநாள்,
தெற்கே வியாழன்.
நடுவில் கடை வைத்திருப்பவன்
இரண்டு நாளும் சாப்பிட்டேன்.

ஜூனில் அந்த ஒரு கோல்.
தொண்ணூற்று மூன்றாவது நிமிடம்.
ஊரிலிருந்த சைக்கிள் மணியெல்லாம் சேர்ந்து அடித்தது.
மலாங் என் தோளில் ஏறி நின்று கத்தினான்.
விடிந்து பார்த்தால்
கடையில் ஆறு மணிகளைக் காணோம்,
திருடன்மேல் கோபம் வரவில்லை.

ஆகஸ்டில் மழை, பிறகு
மழையைப் பார்க்க அமைச்சர்.
அவர் போட்டிருந்த ரப்பர் பூட்ஸில்
விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
ஜனங்கள் சைக்கிளைத் தலையில் தூக்கி
அவரைக் கடந்து போனார்கள்.

வெள்ளம் வடிந்த வாரம்
மலாங் தன் வண்டியை என்னிடம் விற்றான்.
எதற்கடா என்றேன்.
செயின் தேய்ந்துவிட்டது என்றான்.
செயின் புதுசு. நான்தான் மாட்டினேன்.
எங்கள் ஊரில் அதைப் பின்வழி என்போம்:
பாலைவனம் ஒன்று, படகு ஒன்று.
நான் கேட்ட விலையைக் குறைத்துக் கொடுத்தேன்.
இப்போதும் அதை எண்ணிப் பார்ப்பேன்,
அறுநூறு டலாசி.

அக்டோபரில் வானொலி பெயர்களை வாசித்தது.
முதலில் வேட்பாளர்கள்.
பிறகு, மௌரிட்டானியக் கரையோரம்
படகு கவிழ்ந்தவர்கள்.
இரண்டாவது பட்டியல் நீளம்.
வாசிப்பவர் நடுவில் தண்ணீர் குடித்தார்,
மடக் என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது.
அதற்கு அடுத்த பெயர்.

டிசம்பர்.
எங்கள் நாட்டில் ஓட்டு என்பது கோலிக்குண்டு.
வண்ணம் பூசிய தகர டிரம்முக்குள் போட்டால்
உள்ளே மணி ஒருமுறை ஒலிக்கும்.
இருமுறை கேட்டால் திருட்டு.
அடியில் மணல் பரப்பியிருப்பார்கள்,
குண்டோடு குண்டு மோதி உளறாமலிருக்க.
அன்றைக்கு அந்தப் பக்கம்
சைக்கிள் மணி கூடாது.
முந்தின இரவே நாற்பத்திரண்டு மணி கழற்றி
யாருடையது எதுவென்று சாக்பீஸால் குறித்து
கயிற்றில் கோத்தேன்.
மலாங்குடையதையும் கழற்றினேன்,
அதை யாரும் ஓட்டப்போவதில்லை என்றாலும்.

திரைக்குப் பின்னால் குண்டைக் கைவிட்டேன்.
டிங்.
நான் விற்கிற அதே ரகம்.
ஸ்பிரிங் கொஞ்சம் துருவேறியிருக்கிறது.

யார் ஜெயித்தார்கள் என்கிறீர்களா?
கொஞ்ச நாள் வண்டிகள் கொடி கட்டிக்கொண்டு ஓடின,
அவற்றுக்கும் பஞ்சர் ஆனது.

மூன்றாம் நாள் மலாங்கின் அம்மா நியாலிங் வந்தாள்.
மைக்கறை விரல். தஞ்சியிலிருந்து மீன் ஏற்ற
வண்டி வேண்டும் என்றாள்.
காசு எடுத்தாள், நான் வாங்கவில்லை,
சண்டை போட்டு, மேசையில் வைத்தாள்.
அறுநூறு. எப்படித் தெரியுமோ.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள்
திரும்பி வந்து
மணியெங்கே என்றாள்.

மணியில்லாமல் போனால்
எவன் வழிவிடுவான்?

கயிற்றில் தேடி எடுத்தேன்.
திருகாணி முறுக்கும்வரை
ஹாண்டில்பாரை
அசையாமல் பிடித்துக்கொண்டாள்.